வாரம் ஓர் எழுத்து, வாரம் ஒரு விலங்கு: தமிழுக்கு இது பொருந்துமா?

காங்கேயத்துக்குத் தெற்கே, தோட்டத்துக்குள் தனியாக இருக்கும் சாளை வீட்டில் குடியிருக்கிறீர்கள். மகளுக்கு நான்கு வயது எட்டு மாதம். பள்ளி வேனில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகிறது என்பதால், முதல் வகுப்பு வரை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க முடிவு செய்து, இணையத்தில் கிடைத்த ஒரு திட்டத்தை அச்செடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு முதல் வாரம் ஏ எழுத்தும் எறும்பும், அடுத்த வாரம் பி எழுத்தும் கரடியும் என்று போகிறது அது. தமிழையும் அ–அணில், ஆ–ஆடு என்று இதே மாதிரி வாரத்துக்கு ஓர் எழுத்தாக நடத்தலாமா, பின்னால் பள்ளியில் சேர்க்கும்போது சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஆசிரியர் பயிற்சி பெறாத என் கையில் பிள்ளை பின்தங்கிப் போய்விடுமோ’ என்ற உங்கள் பயமும் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் 28 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி முதல் வகுப்புதான். எனவே ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் தமிழ் எழுத்தைப் பற்றியும் அனுபவத்தில் சொல்ல முடியும். ஆங்கில வழிக் கல்வியில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்த இடம் வரும்போது சுருக்கமாகவே நிறுத்திக்கொள்வேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து. வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். அந்தத் திட்டத்தைத் தயாரித்தவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் செய்திருப்பார்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. வாரத்துக்கு ஒன்று வீதம் போனால் நான்கேமுக்கால் ஆண்டு ஆகும். உங்கள் மகள் ஒன்பதரை வயதை நெருங்கும்போதுதான் கடைசி எழுத்துக்கு வருவாள். உயிரும் மெய்யும் ஆய்தமும் மட்டும் போதும், உயிர்மெய்யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் 31 வாரத்தில் முடியும். ஆனால் அந்த 31 எழுத்தையும் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையால் ‘மாடு’ என்ற சொல்லைப் படிக்க முடியாது. அதில் இருக்கும் இரண்டுமே உயிர்மெய்.

இரண்டாவது தடங்கல் இதைவிடப் பெரியது. திட்டத்தின் உயிரே, எழுத்து எதுவோ அதில் தொடங்கும் விலங்கைக் காட்டுவதுதான். தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு மெய்வரிசைகளும் சொல்லின் முதலில் வராது. நன்னூல் சொல்லும் மொழிமுதல் எழுத்துகளில் இவை கிடையாது. டால்பின், லாமா என்று வெளிமொழிப் பெயர்களைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் ழகரத்தில் தொடங்கும் விலங்கை நீங்கள் எங்கே போய்த் தேடுவீர்கள்? ஐ எழுத்துக்கும் ஔ எழுத்துக்குமே விலங்கு அகப்படாது. ஐ வரும் ஒன்பதாவது வாரத்திலேயே திட்டம் நின்றுவிடும். அப்போது உங்களுக்குத் திறமை போதவில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால்தான் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

சரி, விலங்கை விட்டுவிடுவதா என்றால், வேண்டவே வேண்டாம். அதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய செல்வம். நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தாய் படத்தில் காட்டுவதை நீங்கள் மாடு கட்டும் கட்டுத்தரையில் காட்டலாம். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்தை முதலில் வைத்து அதற்கு விலங்கைத் தேடாமல், விலங்கை முதலில் வைத்து அதன் பெயரிலிருந்து எழுத்தை எடுங்கள். விலங்கு மாதக்கணக்கில் இருக்கட்டும். எழுத்து அதன் போக்கில் வந்து போகட்டும்.

இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, அட்டைகளைக் கையில் வைத்து உயிரெழுத்து நடத்திக்கொண்டிருந்தேன். ஓ எழுத்துக்கு ஓணான் படம். முன்வரிசையில் இருந்த பையன் ஒருவன் படத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்து ‘ஒடக்கான்!’ என்றான். நம் பக்கத்தில் அதற்கு அதுதானே பெயர். நான், ‘ஒடக்கான் இல்லை, ஓணான் என்று சொல்’ என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு பல வாரங்கள் ஓ எழுத்தைக் காட்டினால் ஒ என்றே வாசித்தான். அவனுக்குக் காது சரியாகத்தான் கேட்டது. அந்தப் பிராணியின் பெயர் ஒகரத்தில்தான் தொடங்குகிறது என்று அவன் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறான். ஒ, ஓ இரண்டுக்கும் அடியில் ஒரு சுழிதான் வேறுபாடு. அந்தச் சுழியை அவனுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு வந்திருக்காது. ‘ஆமாம், நம் ஊரில் ஒடக்கான், அதற்கு ஒ. புத்தகத்தில் ஓணான், அதற்கு ஓ’ என்று இரண்டையும் பலகையில் எழுதியிருந்தால் ஒரே நாளில் இரண்டு எழுத்தும் அவனுக்குச் சொந்தமாகியிருக்கும். அவன் வாயில் இருந்த சொல்லைத் தப்பு என்று சொல்லிவிட்டேன். பிறகு அவன் எழுந்து பதில் சொல்வதே குறைந்துபோனது. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே வீட்டில் புழங்கும் சொற்களையே முதலில் எழுத்தாக்குங்கள். ஒடக்கான், பெருக்கான், மசைநாய் எதுவானாலும் எழுதிக் காட்டலாம். ஓணான், பெருச்சாளி, வெறிநாய் என்ற பொதுப் பெயர்கள் இரண்டாவதாக வரட்டும். இரண்டு பெயர் தெரிவதால் ஒரு பிள்ளை குழம்பி நான் பார்த்ததில்லை. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு இன்னொன்றைத் திணிக்கும்போதுதான் குழம்புகிறது.

இனி செயல்முறை. கட்டுத்தரையில் கன்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பிறந்து ஒரு மாதம் என்றால் அது இப்போது செவலையாக இருக்கும். காங்கேயம் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறம், ஆறு மாத வாக்கில் நிறம் மாறிச் சாம்பல் வெள்ளைக்கு வரும். காளையாக வளர்ந்தால் பிறகு திமிலும் முன்பக்கமும் கறுத்துப்போகும். ஒரு வாரத்தில் முடியும் திட்டத்துக்குள் இந்த மாற்றம் அடங்குமா? மாதத்துக்கு ஒரு முறை பாப்பா அந்தக் கன்றை ஒரே நோட்டில் வரையட்டும். முதல் படத்துக்குச் செங்கல் துண்டைத் தேய்த்து நிறம் கொடுக்கட்டும். நிறம் மாறத் தொடங்கும் மாதத்தில் அவளே அடுப்புச் சாம்பலைத் தேடிப் போவாள். கவனித்துப் பார்ப்பதும், முன்பு பார்த்ததோடு ஒப்பிடுவதும், பார்த்ததைச் சொல்வதும் அறிவியலின் தொடக்கம். அதற்குத் தனி வகுப்பு தேவையில்லை.

அந்த ஒரு கன்று எத்தனை எழுத்துக் கொடுக்கிறது என்று பாருங்கள். கன்று, கயிறு, கட்டுத்தரை என்று க வரும். காது, கால் என்று கா வரும். குளம்பில் கு இருக்கிறது. அதே கு, மூக்கிலும் நாக்கிலும் கடைசியில் இருக்கிறது. கொம்பு முளைக்கும்போது கொ வரும். ககர வரிசையில் நான்கு எழுத்து ஒரே உடம்பில் கிடைத்துவிடுகிறது. கால், வால், பால் என்ற மூன்று சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுங்கள். முதல் எழுத்தின் உருவம் மட்டும் மாறுகிறது, துணைக்காலும் ல் எழுத்தும் அப்படியே நிற்கின்றன. இதை எந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு வாசிப்பின் கதவு திறந்துவிட்டது. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் ஆனாலும் அவள் கண்டுபிடிக்கட்டும்.

சொல்லின் முதல் எழுத்தையே பிடித்துத் தொங்காமல் கடைசி எழுத்தையும் கவனிக்கச் செய்யுங்கள். தமிழில் விலங்குப் பெயர்கள் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கின்றன. யானை, பூனை, எருமை, ஆமை, குதிரை, கழுதை, தவளை, ஆந்தை, நத்தை, நாரை எல்லாம் ஐகாரத்தில் முடிகின்றன. முதலில் தேடி அகப்படாத ஐ கடைசியில் கூட்டம் கூட்டமாக நிற்கிறது. ஆடு, மாடு, வண்டு, நண்டு என்றால் டு. கொக்கு, கழுகு என்றால் கு. பாம்பு, எறும்பு, உடும்பு என்றால் பு. உகர வரிசைதான் பிள்ளைகளுக்கு மிகவும் கடினம். கு, சு, டு, து ஒவ்வொன்றுக்கும் உருவம் ஒரு விதமாக மாறும், துணைக்காலைப் போல ஒரே குறியைச் சேர்த்தால் போதாது. அந்தக் கடின வரிசையை ஆடும் மாடும் கொக்கும் சுமந்துகொண்டு வருகின்றன. மொழிமுதலில் வராத எட்டு மெய்களும் இப்படித்தான் வரும்: நண்டில் டகரம், அணிலில் ணகரம், குதிரையில் ரகரம், மயிலில் லகரம், கழுகில் ழகரம், தேளில் ளகரம், எறும்பில் றகரம், மானில் னகரம்.

இன்னொரு காரணத்துக்காகவும் எழுத்தைச் சொல்லுக்குள் வைத்தே காட்ட வேண்டும். ‘காகம்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் ககரமும் இரண்டாம் ககரமும் ஒரே ஒலியா? எழுத்து ஒன்றுதான், நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி இளகுகிறது. அட்டையில் தனியாக நிற்கும் க இதைச் சொல்லித்தராது.

எந்த வரிசையில் எழுதச் சொல்வது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. அ, ஆ என்று அரிச்சுவடி வரிசையிலேயே போக வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் வகுப்பில் எழுதுவதற்கு ட, ப, ம, ய என்று கோடுகளால் ஆன எளிய உருவங்களில் தொடங்கினேன். அ எழுத்தின் சுழிப்பு ஐந்து வயதுக் கைக்கு எளிதில்லை. பட்டம், படம், மடம் என்று ட, ப, ம ஆகிய மூன்றை வைத்தே உடனே சொல் கிடைக்கிறது என்பதும் ஒரு வசதி. இரண்டு வழியிலும் படித்த பிள்ளைகள் நன்றாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். எனவே எழுதும் வரிசை பற்றி நான் சொல்வதை என் பழக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எண்ணிக்கையும் மொழிமுதல் விதியும் அப்படியில்லை, அவை உறுதி.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கரை வயதில் மணிக்கட்டு எலும்புகளே இன்னும் முழுதாக உருவாகியிருக்காது. நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைத்தால் பென்சிலை இறுக்கிப் பிடித்துக் கை வலிக்கும், பிறகு எழுத்தென்றாலே வெறுப்பு வரும். தாம்பாளத்தில் மணல் பரப்பி விரலால் எழுதவிடுங்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில்தான் எழுதினார்கள். நிலக்கடலை உரிப்பது, மொச்சையையும் தட்டைப்பயறையும் பிரித்து வைப்பது, நீங்கள் வைத்த புள்ளிகளைக் கோலப்பொடியால் இணைப்பது எல்லாம் விரலைப் பழக்கும் வேலைகள்தான். பென்சில் பிடிக்கும்போது கை தயாராக இருக்கும். ஒரு நாளில் எழுத்துக்கென்று உட்காரவைப்பது இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அவள் எழுந்து ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வீட்டில் அப்பாரு, அதாவது தாத்தா, இருக்கிறார் என்றால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை சொல்வதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். ஐந்து வயதுக்குள் காதால் கேட்ட கதையும் பேச்சும்தான் பின்னால் படிப்பதைப் புரிந்துகொள்ளும் பிடிமானம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் எழுதிக் காட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் படித்தவர்கள் ‘யானை’ என்பதன் னை எழுத்தைத் தும்பிக்கை தூக்கியதுபோல் மேலே வளைத்து எழுதுவார்கள். புத்தகத்தில் இருப்பது வேறு மாதிரி. பாப்பா கேட்டால், அப்பாரு படித்த காலத்து யானைக்குத் தும்பிக்கை உண்டு என்று சொல்லுங்கள். பழைய எழுத்தையும் பார்த்துக்கொள்ளட்டும், எழுதுவது இப்போதைய எழுத்தாக இருக்கட்டும்.

விலங்குகளை நேரில் பார்க்கும்போது பாதுகாப்பையும் மறக்காதீர்கள். ஈன்று சில நாளே ஆன மாட்டின் கன்றை நெருங்கவிடாதீர்கள், எவ்வளவு சாதுவான மாடானாலும் சரி. கிளுவைச் செடி வேலிக்குள் கையை நுழைக்கக் கூடாது, கல்லைப் புரட்டுவது பெரியவர்கள் கூட இருக்கும்போதுதான் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். நாய் பிறாண்டினாலும் உங்களிடம் வந்து சொல்லும் பழக்கம் வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைப்பதுதான் ஆபத்து.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது எழுத்து இல்லை, துணை. சாளை வீடுகளுக்கு நடுவே வயல் கிடக்கிறது, அடுத்த வீட்டுப் பிள்ளை அரைக் கிலோமீட்டரில் இருக்கும். தனியாக வளரும் பிள்ளை பெரியவர்களோடு நன்றாகப் பேசும். ஆனால் தன் முறை வரும்வரை காத்திருப்பதும், பொம்மையைப் பங்கு போடுவதும், சண்டை போட்டு மறுபடி சேர்வதும் தன் வயதுப் பிள்ளைகளோடு இருந்தால்தான் வரும். உங்கள் ஊர் பால்வாடிக்குத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் கொண்டுபோய் விடுங்கள். அங்கன்வாடியில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆடல் பாடலோடு முன்பருவக் கல்வி இருக்கிறது. வேனில் இரண்டு மணி நேரம் போவதும் மிச்சம், பிள்ளைக்குத் தோழிகளும் கிடைப்பார்கள். வீட்டுப் படிப்பை இதனால் கைவிட வேண்டியதில்லை.

ஆங்கிலத்துக்கு வாரம் ஓர் எழுத்து என்பது கெடுதல் செய்யாது. ஆனால் ஓர் எழுத்தை ஒரு வாரம் காட்டிவிட்டு மறுபடி தொடாமல் விட்டால் மறந்துபோகும். வாரத்துக்கு இரண்டு மூன்று எழுத்தாகக் காட்டி, திரும்பத் திரும்பக் கொண்டுவருவது நல்லது. எழுத்தின் பெயரோடு ஒலியையும் சொல்லுங்கள். நான் அவசரப்படாமல் தமிழில் சின்னச் சொற்கள் படிக்க வந்த பிறகுதான் ஆங்கில எழுத்துக்குப் போவேன். அதுவரை பாட்டும் பேச்சுமாக ஆங்கிலம் காதில் விழுந்தால் போதும்.

பள்ளிச் சேர்க்கை பற்றிக் கேட்டீர்கள். 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைக்கானது. எனவே இப்போது வீட்டில் வைத்திருப்பதால் சட்டச் சிக்கல் இல்லை. முதல் வகுப்பில் சேர எல்.கே.ஜி., யு.கே.ஜி. படித்திருக்க வேண்டும் என்று அரசுப் பள்ளியில் கேட்கமாட்டார்கள், ஐந்து வயது நிறைந்திருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கேந்திரிய வித்யாலயாவில் ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதை அதே சட்டம் தடை செய்கிறது. ஆனால் ஒன்றை முன்பே யோசியுங்கள். தனியார் பள்ளிகளில் அந்தச் சட்டப்படி ஒதுக்கும் 25 சதவீத இடங்கள் தொடக்க வகுப்புக்கு உரியவை. எல்.கே.ஜி.யிலிருந்து நடத்தும் பள்ளியில் அதுதான் தொடக்க வகுப்பு. அந்த இடத்தை நம்பியிருக்கும் குடும்பம் என்றால் வீட்டில் வைத்திருப்பதால் வாய்ப்பு கைவிட்டுப் போகலாம். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்துகொண்டு முடிவெடுங்கள்.

பின்தங்கிவிடுவாளோ என்ற பயத்துக்கு வருகிறேன். என் வகுப்புக்கு எழுத்தே தெரியாமல் வந்து, நிறையக் கதை தெரிந்த பிள்ளைகள் கார்த்திகைக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்ததை ஆண்டுதோறும் பார்த்தேன். அதே நேரம், சில பிள்ளைகளுக்கு எழுத்து வராததற்குக் காது, கண், பேச்சு காரணமாக இருக்கும். நான் மருத்துவர் இல்லை. ஐந்து வயதை நெருங்கியும் அவள் பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றாலோ, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ என்னைப் போன்றவர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ழகரம் இன்னும் வரவில்லை என்பதற்கு மட்டும் பயப்படாதீர்கள், அது பல பிள்ளைகளுக்கு மெதுவாகத்தான் வரும்.

அச்செடுத்த 26 தாள்களை வீசிவிட வேண்டாம். படங்களை வெட்டி எடுங்கள். பாப்பாவின் பெயரை ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கட்டுத்தரைத் தூணில் அவள் கண்மட்டத்துக்கு ஒட்டுங்கள், பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது தம் பெயரின் எழுத்தைத்தான். பக்கத்தில் கன்றின் பெயர் ஓர் அட்டையில் இருக்கட்டும். கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால் அவளையே வைக்கச் சொல்லுங்கள், அவள் சொல்கிறபடியே எழுதுங்கள். இரண்டு பெயருக்கும் பொதுவாக ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று தேடும் வேலையை நாளைக் காலையில் அவளிடம் கொடுங்கள்.